சொட்ட விட்ட குழாய்

எலுமிச்சை மரத்தின் அடியில் சாக்கைச் சுற்றிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் சோலையப்பன். சவுதியின் தபூக் நகரத்துக்கு வெளியே, விசா கொடுத்த அரபு முதலாளியான கபீலின் தோட்டத்தில், பகல் வெயிலிலேயே விரல்கள் விறைத்தன. தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிரப் போகிறது என்று போனில் எச்சரிக்கை வந்ததிலிருந்து அவருக்கும் கூட வேலை பார்க்கும் பெனிட்டோவுக்கும் ஓய்வில்லை. கன்றுகளுக்குப் போர்வை, மோட்டாருக்குப் பழைய மெத்தை, விருந்தாளிகளை உட்காரவைக்கும் மஜ்லிஸுக்குப் போகிற பைப்புக்குக் கந்தல் துணி. வேலைக்காரர்களின் தகர கேபினுக்குச் சுற்ற மட்டும் யாரும் எதுவும் தரவில்லை.

"அண்ணே, செடிக்கு ரெண்டு போர்வையாக்கும். நமக்கு ஒண்ணாக்கும்" என்று சிரித்தான் பெனிட்டோ. முட்டத்துக்காரன், வந்து சில மாதமே ஆன பிளம்பர்.

சோலையப்பன் சிரிக்கவில்லை. போன வாரம் சூப்பர்வைசர் இர்ஷாத் அவரைத் தனியே கூப்பிட்டு, குளிர் முடிந்ததும் இங்கே ஒரு ஆள் போதும் என்று கபீல் நினைப்பதாக இந்தியில் சொல்லியிருந்தான். அந்தப் பையன் மேல் ஒரு கண் இருக்கட்டும் பாய் என்றும் சொன்னான். அன்றிலிருந்து பெனிட்டோ சிரித்தாலும் குத்தியது, சும்மா இருந்தாலும் குத்தியது. பைப் வேலை தெரிந்தவனை அனுப்பிவிட்டு மண்வெட்டி பிடிக்கிறவனையா வைத்துக்கொள்வார்கள்? ஊரில் மகள் பானுமதி நர்சிங் படிக்கிறாள். அப்பன் பெட்டியோடு வந்து இறங்கினால் அவளும் காலேஜை விட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

பொழுது சாயும்போது இர்ஷாத் வந்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தான். மஜ்லிஸ் சுவரோரக் குழாயைக் காட்டி, அது விடிய விடியச் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது என்றான். பைப் வெடித்தால் அதற்குக் காரணமானவன் நேரே ஏர்போர்ட்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

"தண்ணியச் சொட்ட விடச் சொல்றாய்ங்க. எங்கூர்ல இப்பிடி விட்டா வெளக்கமாத்தாலயே அடிப்பாளுக" என்றார் சோலையப்பன். கமுதிப் பக்கம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவர். மனசே இல்லாமல் குழாயைத் திருகிச் சொட்ட விட்டார்.

அப்புறம் சோறாக்கினார். சமையலும் பாத்திரமும் எப்போதும் அவர் பாடு. பெனிட்டோ சாப்பிட்டதும் போனோடு படுத்துவிட்டான். அவர் சட்டியையும் தட்டுகளையும் அந்தக் குழாயடியில் கழுவி எடுத்துக்கொண்டு, நடுங்கியபடி உள்ளே வந்து சுருண்டார்.

விடிந்து பார்த்தால் குழாய் இறுக்கி மூடியிருந்தது. நல்லவேளை, பைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"தம்பி, கொழாய நீ மூடுனியா?"

"நான் என்னத்துக்குண்ணே மூடப்போறேன்?"

"அப்ப பேயா வந்து மூடுச்சு?"

"நீங்க தெறக்க மறந்திருப்பியளா இருக்கும்."

சோலையப்பனுக்குச் சுருக்கென்றது. தானே மூடிவிட்டுப் பழியை இந்தப் பக்கம் தள்ளுகிறானே, பயல் லேசுப்பட்டவன் இல்லை என்று நினைத்துக்கொண்டார். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. சாயங்காலம் அவனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் குழாயைத் திறந்தார்.

"நல்லாப் பாத்துக்க. தெறந்துட்டேன்."

பெனிட்டோ பார்த்துவிட்டு உள்ளே போனான். அவர் சமைத்தார், இருவரும் சாப்பிட்டார்கள், பாத்திரம் கழுவினார், படுத்தார். தூக்கத்தினிடையே கேபின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்தது. வெயில் ஏறியதும் சுவரோர பைப் பிளந்துகொண்டு தண்ணீர் பீறிட்டது. அவர்கள் ஓடிப்போய் மெயின் வால்வை அடைப்பதற்குள் மஜ்லிஸ் கம்பளம் ஊறிவிட்டது. குழாய் இறுக்கி மூடியிருந்தது.

இர்ஷாத் வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தான் திறந்து வைத்ததாகவும், பெனிட்டோ மூடிவிட்டதாகவும் சோலையப்பன் தெரிந்த இந்தியில் சொன்னார். கண்ணால் பார்த்தாயா என்று கேட்டான் இர்ஷாத். கதவுச் சத்தம் கேட்டது உண்மைதானே.

"ஹாங் பாய். தேகா" என்றார். பார்த்தேன்.

"அண்ணே!" பெனிட்டோவின் குரல் உடைந்தது. "மாதா சத்தியமா, நான் ஒண்ணுக்குப் போனேண்ணே. கொழாப் பக்கமே போவல்ல. ஏண்ணே இப்பிடிச் சொல்லுதிய?"

சோலையப்பன் நனைந்த கம்பளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "கலாஸ்" என்றான் இர்ஷாத், கதை முடிந்தது என்பதுபோல. மதியத்துக்குள் பெனிட்டோவின் பை பிக்கப்பில் ஏறியது. வண்டி கேட்டைத் தாண்டும்போது சோலையப்பனுக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைக்கக் கூசவும் செய்தது.

டவுனிலிருந்து ஆள் வந்து பைப்பை மாற்றிவிட்டுப் போனான். இனி பைப் வேலையும் அவர்தான் பார்க்க வேண்டும், சம்பளம் அதேதான் என்று இர்ஷாத் சொன்னான். கேபினுக்குள் போய் பெனிட்டோவின் போர்வையை எடுத்து வந்து, வாசல் பக்கத்துக் கொய்யாக் கன்று மூடாமல் இருக்கிறது, அதற்குக் கட்டு என்று வீசினான். போர்வையில் இன்னும் தைல வாசனை இருந்தது. சோலையப்பன் அதைக் கன்றுக்கு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

அந்தியில் குழாயைச் சொட்ட விட்டார். பழக்கத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு, பாதிச் சோற்றை அப்படியே மூடி வைத்தார். தட்டைக் குழாயடியில் கழுவினார். பையனின் முகம் கண்ணிலேயே நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு கேபின் படி வரைக்கும் வந்துவிட்டார்.

சொட்டுச் சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் போய்ப் பார்த்தார். குழாய் இறுக்கி மூடியிருந்தது. தோட்டத்தில் அவரைத் தவிர யாரும் இல்லை. வலது கையில் ஈரம் இன்னும் காயவில்லை. வாசல் பக்கம், பெனிட்டோவின் போர்வைக்குள் கொய்யாக் கன்று கதகதப்பாக நின்றுகொண்டிருந்தது.