பெட்டிக்குள் செப்புத் தகடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் பொய் ஒன்றிலிருந்து பிறந்தது. எங்கள் வீட்டில் பியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. எரிச்சலில் நானே பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியை முறுக்கிவிட்டேன். சுவரில் புகை வந்தபோது பழியை எலக்ட்ரீசியன் மேல் போட்டேன். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். என்னை வைத்தே எழுதத் தைரியமில்லாமல் 1938க்கு ஓடிப்போய், தேனிப் பக்கத்துக் கோம்பையில் ஒரு சங்கிலியம்மாளை உண்டாக்கினேன்.

2

சங்கிலியம்மாள் நல்லவள்தான், ஆனால்...

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் அவளை நீங்கள் இப்போதே தண்டித்துவிடுவீர்கள்.)

மறுபடி. புருஷன் செத்தபோது அவளுக்கு விட்டுப்போனது பன்னிரண்டு வருஷத்துப் பழைய கார். அதை ஓட்டியவன் ஒச்சாண்டி. ஒரு நாள் அவன் காருக்குள் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டினான்.

"என்னடா இது?"

"பியூஸ் ஆத்தா. மதுரையில மெக்கானிக்கு சொன்னாக. வயரெல்லாம் இத்துப்போய்க் கெடக்கு. எங்கனயாச்சும் இரும்புல ஒரசுனா வண்டியே பத்திக்கிரும். இந்த மெல்லிசுக் கம்பி முந்திக்கிட்டு உருகிரும், கரண்டு நின்னுபோகும்."

"வண்டி?"

"வண்டியும் நிக்கும். நின்னாத்தான நல்லது."

நிறுத்துவதற்கென்றே ஒரு சாமானை எந்த டிரைவராவது தேடிப்போய் மாட்டுவானா? அவளுக்கு அங்கேயே சுருக்கென்றது.

3

வண்டி நின்றது. மூன்று தடவை. மூன்றும் சின்னமனூர் தாண்டி வரும் அதே வாய்க்கால் பாலத்தில். பாலத்துக்குப் பக்கத்தில் கருத்தம்மாள் என்பவள் தனியாகக் குடியிருந்தாள். ஒச்சாண்டி புதுக் கம்பி மாட்டி முடிப்பதற்குள் மோர்ச் செம்போடு வந்துவிடுவாள்.*

"ஏலே, ஒம் பியூஸுக்கு இந்தப் பாலம் மட்டும் எப்படித் தெரியுது?" என்றாள் சங்கிலியம்மாள்.

"பள்ளத்துல வண்டி குலுங்குது ஆத்தா, வயரு ஒரசுது. ஒரு நா வண்டிய விட்டாப் பூராத்தையும் அவுத்துப் பாத்துருவேன்."

அந்த ஒரு நாளை அவன் எங்கே கழிப்பான் என்று அவளுக்கா தெரியாது? கொடுக்கவில்லை.

* வெறும் மோர்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். சங்கிலியம்மாளோடு பழகிப் பழகி எனக்கும் சந்தேகம் தொற்றிவிட்டது.

4

வண்டி இனி நிற்கக் கூடாதென்று அவள் போய் வேண்ட, வீரபாண்டி அம்மன் கோயிலில் பூசாரி ஒரு செப்புத் தகடு மந்திரித்துக் கொடுத்தார். நோவு எங்கேயோ அங்கேதான் தகட்டைக் கட்டுவார்கள். கை வலித்தால் கையில், மாடு படுத்தால் மாட்டின் கழுத்தில். காருக்கு நோவு அந்தப் பெட்டியில்தானே? ஒச்சாண்டி சாப்பிடப் போன நேரம் பார்த்து, மெல்லிசுக் கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். தகட்டைச் சுருட்டி அந்த இடத்திலேயே அழுத்தி வைத்து மூடினாள்.

செப்புத் தகடு லேசில் உருகாது. பாலத்தில் வண்டி நிற்கவே இல்லை.

"வேணும்ட்டே நிறுத்திக்கிட்டு இருந்தான். இப்ப நிக்குதா பாருங்க!" என்று ஊரெல்லாம் சொன்னாள். கோம்பையே சிரித்தது. ஒச்சாண்டி தலையைக் குனிந்துகொண்டு வண்டி ஓட்டினான். நிற்காத வண்டியின் பெட்டியை அவன் ஏன் திறந்து பார்க்கப்போகிறான்?

5

இன்று காரில் அவள் மகள் பவுனு. பிரசவ வலி கண்டுவிட்டது. தேனி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பாலம் குலுக்கிப்போட்டது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசம்.

"ஆத்தா, என்னமோ தீயுது."

"பயப்படாதத்தா," என்றான் ஒச்சாண்டி, திரும்பாமல். "எவனாச்சும் கரும்புச் சோகை கொளுத்துவான். நம்ம வண்டியா இருந்தா பியூஸு முந்திக்கிட்டுப் போயிருக்கும். பொட்டி இருக்கைல என்ன பயம்? இன்னைக்கு நான் எங்கனயும் நிறுத்த மாட்டேன்."

பெட்டிக்குள் இருப்பது என்னவென்று சங்கிலியம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

முடிவு ஒன்று: அம்மன் காப்பாற்றினாள். (எழுதக் கூசுகிறது.)

முடிவு இரண்டு: கார் நடுரோட்டில்... (இல்லை. பவுனு என்ன பாவம் செய்தாள்?)

முடிவு மூன்று: அவள் வாயைத் திறக்கிறாள்.

"ஏலே ஒச்சாண்டி, அந்தப் பொட்டிக்குள்ள நாந்தான்..."

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அந்த வாக்கியம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. எலக்ட்ரீசியன் அடுத்த தெருவில்தான் இருக்கிறார், இன்றுவரை நான் போய் உண்மையைச் சொன்னதில்லை. நீங்கள் எப்போதாவது யாரிடமாவது சொல்லியிருந்தால், அவளுக்காக முடித்துக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். பவுனு இருமத் தொடங்கிவிட்டாள்.