குளித்துவிட்டு வந்த கல்

முனைவர் பட்டம் வாங்கி, விண்கல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரியை "வாண்டு" என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திக்குத்தான் துணிச்சல் உண்டு. அவளுடைய அக்கா. அம்மா போன பிறகு வாண்டுவை வளர்த்தவள். அக்காவின் தையல் கடைத் தகரக் கூரையைப் பொத்துக்கொண்டுதான் அந்த விண்கல் விழுந்தது. மறுநாளே அதைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் ஆய்வகத்தில் கொடுத்துவிட்டுப் போனாள்.

துணியைப் பிரித்ததுமே வாண்டு கல்லை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரிக்கட்டிக் கறுப்பு. உடைந்த ஓரத்தில் கடுகைவிடச் சின்ன உருண்டைகள். கார்பன் நிறைந்த காண்ட்ரைட் என்ற ஆதிகால விண்கல், அதிலும் அபூர்வமான சி.எம். வகை என்று மனசு அடித்துச் சொன்னது. சூரியன் பிறந்த காலத்துக் கரிமப் பொருள்கள் அதற்குள் இருக்கும். விழுந்த சூட்டோடு அப்படி ஒன்று கைக்கு வருவது லேசில் நடக்கிற காரியமா? ஆய்வகத் தலைவர் வருஷக்கணக்காகத் தவம் கிடந்தது இதற்குத்தான்.

முதல் சோதனையிலேயே கரிமப் பொருள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தலைவர் அறைக்குள் ஒரு சுற்று ஆடியே விட்டார். வாண்டுவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. ஒரு சில்லை மூக்கருகே கொண்டுபோனாள். அடக் கடவுளே! அக்கா இன்றுவரை மாற்றாத ஷாம்புவின் வாசனை.

உடனே போன் போட்டாள். "அக்கா, கல்லை என்ன பண்ணின?"

"என்ன பண்ணுவாங்க? பெரிய எடத்துக்குப் போகுதேன்னு பக்கெட்ல முக்கிக் குளிப்பாட்டினேன். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாவே வந்துச்சு, சனியன்! ஏண்டி, தப்பா?"

"சாயங்காலம் வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

மூடி மறைக்க மனசு வரவில்லை. நேராகத் தலைவரிடம் போனாள்.

"சார், அந்தக் கரிமப் பொருள் விண்வெளியிலேருந்து வரல. எங்க அக்கா பாத்ரூம்லேருந்து வந்திருக்கு."

தலைவரின் முகம் தொங்கிப்போனது. அந்தக் கல் தண்ணீரைப் பஞ்சுபோல் குடிக்கும். ஷாம்பு நடுவரை போயிருந்தது. கரிமப் பொருள் ஆராய்ச்சி அம்போ. "வகையையாவது பாரும்மா" என்று மட்டும் சொன்னார்.

கண்ணாடித் தாள்போல் சீவிய கல் துண்டை வாண்டு நுண்ணோக்கியில் வைத்தாள். குட்டிக் குட்டி உருண்டைகள். இடையெல்லாம் களிமண் கனிமம். அதை எந்த ஷாம்பும் அசைக்க முடியாது. சந்தேகமே இல்லை, சி.எம். வகைதான், அதில் இரண்டாம் பிரிவு. ஆக்ஸிஜன் ஐசோடோப்பு அளவும் ஒத்துப்போனால் வகைக்கு முத்திரை குத்திவிடலாம்.

சாயங்காலம் கடைக்குப் போனபோது அக்கா மெஷின் முன்னால் தைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"உன் பொழப்பைக் கெடுத்துட்டேனாடி?"

அக்காவிடம் பொய் சொல்லி வாண்டு என்றைக்கும் தப்பித்ததில்லை. "பாதி கெடுத்துட்டக்கா."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. வாண்டுவுக்குத் தாங்கவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மீதியைக் கேளு. இந்த வகைன்னு எதை வச்சு சொல்றோம் தெரியுமா? பூமிக்கு வர்றதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடியே, அது பிறந்த பாறையில பனி உருகின தண்ணியில ஊறியிருக்கு. அதுல பாதிக் கல்லு களிமண்ணாவே மாறிடுச்சு. உனக்கு முன்னாடியே அதை யாரோ குளிப்பாட்டியிருக்காங்க."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"தலை துவட்டி விட்டாங்களாமா?"

"இல்லக்கா. அந்த ஈரம் இன்னும் உள்ளேயேதான் இருக்கு."

"பாவம், பெத்தவ இல்லாத புள்ள போல" என்றாள் அக்கா. வெளியே தூறலில் நனைந்திருந்த வாண்டுவின் தலையை இழுத்து மடியில் சாய்த்து, கைக்குக் கிடைத்த துணியால் துவட்டத் தொடங்கினாள்.