காற்றுக்கு இடம் விடாத பெட்டிகள்

உத்தமபாளையத்தில் சுந்தர்ராஜின் செல்போன் கடை வாசலில் நிற்கும் விளையாட்டு மெஷினைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. போன மாதம் வரை அப்படி இல்லை. இருபத்தாறு வருடமாக அதன் திரையில் முதல் பெயர் ராக்கையா. அதாவது நான்.

மேலேயிருந்து கட்டைகள் விழும். திருப்பித் திருப்பிச் சந்தில்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை முழுசாக நிறைந்தால் மறைந்துபோகும். அவ்வளவுதான் ஆட்டம். ஒரு தடவை நான் ஆடிக்கொண்டிருக்கும்போதே முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் திறந்து, இரண்டு போகம் நெல் அறுத்து, திரும்ப அடைத்தும் விட்டார்கள். நடுவில் கடைக்கு வெள்ளையடித்த ஆட்கள் என்னையும் சேர்த்து அடித்துவிட்டுப் போனார்கள். சந்தேகம் இருந்தால் என் சட்டை முதுகைப் பாருங்கள்.

பட்டியலில் கடைசிப் பெயர் ஒச்சாண்டி. நானும் அவனும் அனுமந்தன்பட்டித் தோட்டங்களில் முப்பது வருடம் திராட்சைப் பெட்டிகளை லாரியில் ஏற்றியவர்கள். அவன் கை அந்த லாரியை விட்டு இறங்கவே இல்லை. திரையிலும் வரிசைக்கு ஒரு சந்து விடுவான். மூன்றாவது நிமிடம் கட்டை உச்சியில் இடித்து ஆட்டம் முடிந்துவிடும்.

"ஏலே, நெருக்கி அடுக்குனா பழம் வெந்துபோகும்லே" என்பான்.

"அது வெறுங்கட்டைடா, கூறுகெட்டவனே" என்பேன்.

சுந்தர்ராஜின் மகள் ஷெரின் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வந்தாள். இப்போது யாரும் பழைய ஆட்டத்தைத் தொடுவதில்லை, புதுசாக மாற்றப்போகிறேன் என்றாள்.

"என் பேரு அழிஞ்சிராதே தாயி?"

"பழைய பேரெல்லாம் அப்படியே இருக்கும் தாத்தா. யாரு தாண்டுறாகளோ அவுக மேல போவாக."

என்னைத் தாண்டுவதாவது. சிரித்தேன். கேரளாவுக்குப் போகும் லாரியில் திராட்சையை எப்படி ஏற்றுவீர்கள் என்று கேட்டாள். வரிசைக்கு ஒரு சந்து விடணும், காற்று ஓடாவிட்டால் கோட்டயம் சேர்வதற்குள் அழுகி ஒழுகிவிடும் என்று ஜம்பமாகச் சொன்னேன். அவள் அதைக் குறித்துக்கொண்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புது ஆட்டத்தில் கட்டைக்குப் பதில் திராட்சைப் பெட்டிகள் விழுந்தன. வரிசையில் ஒரு சந்து விட்டு, அடுத்த இரண்டு பெட்டிகள் விழும்வரை அதை மூடாமல் வைத்திருந்தால், அந்த வரிசை லாரியேறிப் போய்விடும். மூடினால் அழுகும்.

பழக்கத்தில் முதல் வரிசையை மூடினேன். பெட்டிகள் கறுத்தன, உப்பின. சாறு கசிந்து கீழ்ப்பெட்டிகளில் வழிந்தது. அதன் மேல் வெள்ளைப் பூஞ்சை, பூஞ்சைக்குள் புழு. புழுவுக்குக் கண் வேறு வரைந்திருந்தாள். மூன்றாவது வரிசை அழுகும்போது திரையில் ஈ மொய்த்தது. நிஜ ஈ. சின்னமனூர் வாழைக்காய் மண்டி ஈக்கள். அவற்றின் உடல்வாகு எனக்குத் தெரியும். ஏழெட்டு பஸ்ஸில் வந்திருக்கும்.

"அருவருப்பா இருக்கா தாத்தா? அப்ப சரியாத்தான் வந்திருக்கு" என்றாள் ஷெரின்.

அன்றைக்கே ஒச்சாண்டி வந்தான். ஒரு கையில் டீ கிளாஸ், ஒரு கையில் ஆட்டம். அவன் பாட்டுக்குச் சந்து விட்டான். லாரி மேல் லாரியாகப் போனது. என் எண்ணிக்கையை நெருங்கியபோது, "டேய், பஸ் போயிரும்டா" என்றேன்.

"அடுத்த பஸ்ல போய்க்கிறேன்லே."

டீ ஆறுவதற்குள் அவன் பெயர் மேலே போய், என் பெயர் ஒரு படி இறங்கியது.

அதற்குப் பிறகு எட்டு நாள் ஆடினேன். சந்தைக் கண்டால் தானாகப் பாய்கிற வலது கட்டைவிரலைத் துணியால் கட்டிப்போட்டேன். எட்டாம் நாள் நானும் ஒச்சாண்டியும் சமம். இன்னும் ஒரே லாரி. வரிசையில் ஒரு சந்து, மேலேயிருந்து இறங்குவது ஒற்றைப் பெட்டி. அதை ஓரமாகத் தள்ளினால் போதும். கட்டைவிரல் துணியைக் கிழித்துக்கொண்டு போய், பெட்டியைச் சந்துக்குள் இறக்கியது. அவ்வளவு கச்சிதமாக நான் அடுக்கியதே இல்லை.

மொத்த லோடும் அழுகியது.

"நல்லா நெருக்கி அடுக்கியிருக்க. கோட்டயத்துல குடத்தைக் கொண்டுவரச் சொல்லு, சாராயமா இறக்கிக்கிருவாக" என்றான் பின்னால் நின்ற ஒச்சாண்டி.

இப்போதும் அந்தக் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். திரை எப்படி நாறும் தாத்தா என்கிறாள் ஷெரின். முதல் வரியில் ஒச்சாண்டி பெயர் கிடக்கிறது. நாறாமல் என்ன செய்யும்?