நூறு வருஷத்து உருக்கு

என் தம்பி சின்னராசாவைப் பொலிஸ் பிடித்ததற்கு அவனுடைய வாய்தான் காரணம். கொழும்புக் காலி வீதிச் செக்பொயின்றில் பையைக் கிண்டியவன் விரலளவு உருக்குத் துண்டொன்றைத் தூக்கிப்பிடித்து, என்னவென்று கேட்டானாம். மெஷின் சாமான் என்றுவிட்டு வரத் தெரியாதா? கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் அரைவாசி. கொழும்புத் தமிழருக்கு இது பாலபாடம். லீவில் வந்திருந்தவனுக்குப் பத்து வருஷ ஜெர்மனி அதை மறக்கச் செய்துவிட்டது. குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகாத ஊரில், அணு உலைக்கு உருக்குச் செய்கிறேன் என்று பெருமையாக விளக்கியிருக்கிறான், மடையன்!

அதற்கு முதல்நாள்தான் அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தான்.

"அக்கா, இது நான் வடிச்சது. சூரியனுக்குள்ளை நடக்கிறதை ஒரு பாத்திரத்துக்குள்ளை நடத்தப் பாக்கிறம். அப்ப பாத்திரத்திலையும் கதிர்வீச்சு ஊறிப்போகும். நிக்கல் சேர்ந்த உருக்கெண்டால் ஆயிரக்கணக்கான வருஷம் கிட்டப் போகேலாது. நான் நிக்கலை விட்டிட்டு டங்ஸ்டன் போட்டிருக்கிறன். நூறு வருஷத்திலை அடங்கியிடும்."

"நூறு வருஷமோ? அப்ப ஆரடா இருக்கப்போறது?"

"ஆரோ இருப்பினம்தானே."

அவன் முகத்தைப் பார்க்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பொலிஸில் என் அரைகுறைச் சிங்களம் எடுபடவில்லை. அவனை வேறிடத்துக்கு மாற்றப்போகிறார்களாம். மாற்றினால் ஆளைத் தேடித் திரியவேண்டியதுதான். கூட வந்த கீழ்வீட்டு மர்லியா என் கையைக் கிள்ளினாள்.

"நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் பேசுறன்."

சிங்களத்தில் பொழிந்து தள்ளினாள். இவர் வெறும் கிளார்க், எங்கள் ஹார்ட்வெயார் கடைக்குச் சாம்பிள் கொண்டுவந்தவர், படித்த ஆள் மாதிரிக் கதை விட்டுவிட்டார், பாவம். பொலிஸ்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீங்கிய உதட்டோடு நின்ற தம்பியும் தலையாட்டினான். உருக்கைக்கூடத் திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து நான் அவனைத் திட்டித் தீர்த்தேன். இனியாவது வாயைப் பொத்தக் கற்றுக்கொள் என்றேன்.

அவன் பயணப்பட்ட காலையில், "நீங்களே வைச்சிருங்கோ" என்று அந்தத் துண்டை என்னிடம் தந்தான்.

கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போகும் வழியில் நாங்கள் போன வானை மறித்தார்கள். ஆமிக்காரப் பொடியன் பாஸ்போர்ட்டைப் புரட்டினான்.

"மொகக்த ரஸ்ஸாவ?" என்ன வேலை என்று கேட்டான்.

"கிளார்க்."

ஒரு சொல்தான். மர்லியாவின் பொய்யை, நான் சொல்லிக்கொடுத்தபடியே அளந்து சொன்னான். என் ஹான்ட்பேக்குக்குள் கைவிட்டு அந்த உருக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வான் புறப்பட்டு நெடுந்தூரம் வந்தபிறகும், யாரோ இன்னும் சோதித்துக்கொண்டிருப்பதுபோல, தம்பி இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்திருந்தான்.