போட்டுக்கொடுத்தது யார்

ரத்தக்கறை ஒரு பக்கம், மருந்துக்கறை ஒரு பக்கம், வெறும் வியர்வை ஒரு பக்கம். மருத்துவமனைகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளை அண்ணியும் நாத்தனாரும் நீண்ட மேசையின் இருபுறமும் நின்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலில் எதைப் பேசுவதென்றாலும் கத்தத்தான் வேண்டும். நாத்தனார் கத்தினாள். விரிப்பின் மடிப்புக்குள் யாரோ விட்டுவிட்ட ஊசி அவள் விரலில் ஏறியிருந்தது.

அண்ணி அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய் ஓடும் தண்ணீரில் விரலைப் பிடித்தாள். கையுறை ஊதினாலே கிழிகிற ரகம். சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தார்.

"பார்த்து எடுக்கக் கூடாதா? கண்ணு எதுக்கு இருக்கு?"

"கண்ணு இருக்கு சார். தடிமனான கையுறைதான் இல்ல" என்றாள் அண்ணி.

மதியம் உடை மாற்றும் அறையில் பெண்கள் கூடிப் பேசினார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வராமல், எல்லோரும் சேர்ந்து நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவது என்று முடிவாயிற்று. அதுவரை யாரும் மூச்சு விடக் கூடாது.

ஆனால் வெள்ளிக்கிழமையே மேலாளர் அண்ணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை ஊர்வலமாமே?" என்றார் சிரித்துக்கொண்டே. "என் கையைப் பிடிச்சு அழுக்கு மூட்டைக்குள்ள விடணும்னு உனக்கு ஆசையாமே?"

அது வீட்டில், அடுப்பங்கரையில், ஆத்திரத்தில் அண்ணி சொன்ன வார்த்தை.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றார் மேலாளர்.

அன்றே நாத்தனாரை மடிக்கும் அறைக்கு மாற்றினார்கள். வெளுத்த துணி, மின்விசிறி, உட்கார நாற்காலி. ஊசி குத்துப்பட்டவள் வாயைத் திறக்காமலிருக்க அந்த ஏற்பாடு. மற்றவர்களுக்கு அது போட்டுக்கொடுத்ததற்கான கூலியாகத் தெரிந்தது. சாயங்காலம் அவள் உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. இஸ்திரி இயந்திரத்தில் நிற்பவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்பார்கள். அவள் மட்டும், "நாற்காலி மெத்துன்னு இருக்கா?" என்று கேட்டாள்.

வீட்டில் அண்ணி தட்டை டங்கென்று வைத்தாள்.

"அண்ணி, நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல."

"அப்போ காத்து வந்து சொல்லுச்சா?"

"எங்கண்ணன் மேல சத்தியமா..."

"அவர் மேல சத்தியம் பண்ணாத. எனக்கு இருக்கறது அந்த ஒருத்தர்தான்."

அண்ணன் வேன் ஓட்டுபவர். இரண்டு பேர் சண்டைக்கு நடுவே தலை கொடுக்காமல் சாப்பிடப் பழகியவர். இன்று கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த மூட்டைப் பேச்சை நீ எங்கிட்டதானே பேசின? அப்போ இவ எங்க இருந்தா?"

அண்ணி கரண்டியோடு நின்றாள். அந்த நேரத்தில் நாத்தனார் குத்துப்பட்ட விரலைக் காட்ட ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்தாள். வீட்டில் இருந்தது புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான்.

"அப்போ நீங்களா...?"

"நல்லா இருக்கே கதை! உங்க மேனேஜர் கறுப்பா செவப்பான்னு கூட எனக்குத் தெரியாது."

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணி, உங்க போன் அப்போ எங்க இருந்துச்சு?"

அலமாரியில், அடுப்புக்கு ஒரு கை எட்டும் தூரத்தில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம், நாத்தனார் வேலை முடிந்து வந்ததும், இருவரும் போன் ரிப்பேர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த வருகைப் பதிவு ஆப்பை யாரும்மா போட்டது?"

"எல்லார் போனையும் மொத்தமா வாங்கிட்டுப் போய்க் கம்பெனியிலயே போட்டுக் குடுத்தாங்க. வந்தது போனது பதியறதுக்குன்னு."

"வந்தது போனது பதிய மைக் எதுக்கு? மெசேஜ் எதுக்கு? நீங்க எங்க போறீங்க, யார்கிட்ட பேசறீங்க, எல்லாத்தையும் திறந்து வச்சிருக்காங்க." திரையின் மூலையில் எரிந்த சின்னப் பச்சைப் புள்ளியைக் காட்டினார். "இது எரிஞ்சா மைக் ஓடுதுன்னு அர்த்தம். இப்பவும் ஓடுது."

இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு அண்ணி போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"கேக்குதா சார்? நல்லாக் கேட்டுக்கங்க. எங்க வீட்டுச் சண்டை, சமாதானம் எல்லாம் கேட்டீங்களா? படுக்கையில புருஷன் பெண்டாட்டி பேசறதையும் உக்காந்து கேட்டீங்களா? கேட்டுட்டு ஒரு சின்னப் பொண்ணு மேல பழி விழுறதைச் சும்மா பார்த்துட்டு இருந்தீங்களே, நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

கடைக்காரர் ஆப்பை நீக்கினார். தேவையில்லாத அனுமதிகளை எப்படி மூடுவதென்று நாத்தனாரின் போனில் செய்து காட்டினார். "எது கேட்டாலும், எதுக்குன்னு கேக்காம 'சரி'யை அமுக்காதீங்க" என்றார்.

தெருவுக்கு வந்ததும் அண்ணி நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். "என்னை ரெண்டு திட்டு திட்டிடேன்."

"திட்டத்தான் போறேன். ஆறப்போட்டு நிதானமாத் திட்டறேன். முதல்ல மத்தவங்ககிட்ட சொல்லுவோம், வாங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடு வீடாகப் போனார்கள். அவரவர் போனிலேயே காட்டி, மைக்கை மூட வைத்தார்கள். இஸ்திரி அக்கா தன் போனை வெகுநேரம் வெறித்துப் பார்த்தாள். படுத்த படுக்கையாக இருக்கும் புருஷனுக்குத் துணி மாற்றும்போது அவர் அழுவது தினமும் நடப்பது. "அதையுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலையே எல்லோருக்கும் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. திங்கட்கிழமை வராதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டதாகக் கருதப்படுவார்கள். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகும் பேச்சு அதோடு நின்றது.

திங்கட்கிழமை காலையில் ஆலை வாசலில் வரிசை நகரவே இல்லை. ஒவ்வொருத்தியும் போனைக் காட்டக் காட்ட, கதவருகே சிவப்பு விளக்கே எரிந்தது.

"மைக்கை மூடினா ஆப் ஓடாது. ஆப் ஓடலைன்னா கேட் திறக்காது" என்றார் சூப்பர்வைசர். "அப்புறம் உங்க இஷ்டம்."

சாலையின் எதிர்ப்புறம் நின்றிருந்த அண்ணி குரல் கொடுத்தாள். "அது எங்க வீட்டுப் பேச்சு சார். அதைக் கேக்க நீங்க யாரு?"

"எல்லாரும் சம்மதம் குடுத்துதானே ஆப் போட்டிருக்கு?"

"சம்மதத்தை அமுக்கினது உங்க விரலு!"

நாத்தனார் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள். சாலையைக் கடந்து அண்ணியின் பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று அண்ணி பார்த்தாள். யாரும் வரவில்லை.

அடுத்து இஸ்திரி அக்கா. காவலாளி கை நீட்டினான். அவள் போனைக் கொடுத்தாள். அவன் திரையைக்கூடப் பார்க்காமல் கட்டைவிரலால் 'சரி'யை அமுக்கினான், அமுக்கினான், அமுக்கினான். பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது.

போனை வாங்கிக்கொண்ட இஸ்திரி அக்கா வாசலில் நின்று திரும்பினாள். எதிர்ப்புறம் நின்ற நாத்தனாரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கையிலிருந்த போனின் மூலையில் எரிந்த பச்சைப் புள்ளியைக் குனிந்து பார்த்தாள். உதடுகளை இறுக்க மூடிக்கொண்டு உள்ளே போனாள்.