அந்தோனியார் படம் ஒட்டிய கார்

கஸ்பர் அங்கிளின் காரின் முன்கண்ணாடியில், இடப்பக்க மேல்மூலையில், குழந்தை யேசுவை ஏந்தியபடி அந்தோனியார் நின்றார். அந்த இடத்தில் நான் தேடி வந்தது ஒயில் ஸ்ரிக்கரை.

ஒயில் மாற்றும் கடைக்காரர்கள், அடுத்த முறை எத்தனை கிலோமீற்றரில் வர வேண்டும் என்று பேனாவால் எழுதி ஒட்டிவிடும் சின்னத் துண்டு அது. காரின் மீற்றர் எண்பத்தெட்டாயிரம் காட்டுகிறது, ஸ்ரிக்கரிலோ இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் என்று இருக்கிறது என்று அங்கிள் போன வியாழக்கிழமை போனில் சொன்னபோது, எனக்குச் சந்தோஷத்தில் கதிரையில் இருக்க முடியவில்லை.

நான் மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரணை செய்பவள். அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்பதால், ரொறன்ரோ ஸ்காபரோவில் எந்தத் தமிழர் எந்தத் தமிழரை ஏமாற்றினாலும் ஃபைல் என் மேசைக்குத்தான் வரும். லிங்கம் மோட்டர்ஸ் தியாகலிங்கத்தின் ஃபைல் வந்து ஒன்றரை வருடம். ஓடிக் களைத்த கார்களை ஏலத்தில் எடுத்து, மீற்றரைப் பின்னுக்குச் சுற்றி, எங்கள் சனத்துக்கே விற்கிறார். முன்பு மூன்று பேர் முறைப்பாடு செய்தார்கள். மூன்று பேரும் கையெழுத்து வைக்க முதலே பின்வாங்கிவிட்டார்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒக்ரோபரும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் உருப்படியாக ஒன்றும் கிடைக்காவிட்டால் ஃபைலை மூடிவிடு என்று என் மேலதிகாரி சொல்லியிருந்தார்.

அங்கிளுக்கும் அவகாசம் இல்லை. லிங்கம் மோட்டர்ஸில் கார் வாங்கி நாலாம் மாதமே கியர் விழுவது நின்றுவிட்டது. மார்க்கம் நகரில் உள்ள பேக்கரியில் விடிய ஐந்து மணிக்கு வேலை, அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. இந்த மாதம் முடிய வேறு ஆளை எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்களாம்.

டோர்செட் பார்க்கில் அவர்களுடைய அப்பார்ட்மென்ற் பதினோராம் மாடியில். குசினி மேசையில் இருந்தபடி கேட்டேன்.

"அங்கிள், ஸ்ரிக்கர் எங்கை?"

"அது பழசு எண்டு தியாகர் கழட்டிப்போட்டார், பிள்ளை."

"தியாகலிங்கமோ? அவர் ஏன் இஞ்சை வந்தவர்?"

"நான்தான் போன் பண்ணினனான். கவுண்மேந்துப் பிள்ளை திங்கக்கிழமை வருது, நான் கையெழுத்து வைக்கப்போறன், குறை நினையாதேங்கோ எண்டு சொன்னனான்." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தனிலை கேஸ் போடுறதே? நாளைக்கு ஒரு செத்தவீட்டிலை கண்டால் என்ன முகத்தோடை கதைக்கிறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்ற மூன்று பேரும் எனக்குச் சொன்ன கையோடு அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றரை வருடமாக நான் பூட்டிய அலுமாரியில் வைத்துக் காத்த இரகசியம் எல்லாம் தியாகலிங்கத்துக்கு வீட்டு போனில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"சனிக்கிழமையே ஓடிவந்திட்டார்," என்றார் அங்கிள். "நல்ல மனுசன். தான் சைவமெண்டாலும் எனக்கெண்டு அந்தோனியார் படம் வாங்கிக்கொண்டு வந்தவர். தன்ரை கையாலையே கண்ணாடியைத் துடைச்சு ஒட்டிவிட்டவர்."

"கியரைத் திருத்தித் தாறன் எண்டவரோ?"

"உதைப்பற்றிக் கதைக்கேல்லை."

"ஸ்ரிக்கரிலை கடையின்ரை பேர் இருந்திருக்குமே?"

"நான் நம்பரைத்தான் பாத்தனான்."

அவர் பார்த்த நம்பரை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. கடையின் பெயர் தெரிந்தால், அவர்களின் பதிவில் காரின் இலக்கமும் ஓடிய தூரமும் திகதியும் இருக்கும். பெயர் தெரியாமல் ரொறன்ரோவில் எத்தனை கடை ஏறி இறங்குவது?

"நான் பைபிளிலை கை வைச்சுச் சத்தியம் பண்ணுறன்," என்றார்.

"தியாகலிங்கமும் திருநீறு பூசிக்கொண்டு வந்து சத்தியம் பண்ணுவார், அங்கிள்."

ஃபைலை மூடிக் கைப்பைக்குள் வைத்தேன். அழுகை வரும் போலிருந்தது, அதை நினைக்க இன்னும் கோபம் வந்தது. அந்த நேரம்தான் அவருடைய மனைவி றீற்றா அன்ரி வேலையால் வந்தார். சப்பாத்தையும் கழற்றாமல் வாசலில் நின்று, அங்கிள் சொன்ன கதையை முழுவதும் கேட்டார். பிறகு பிரிட்ஜுக்கு மேலிருந்த செபப்புத்தகத்தை எடுத்து விரித்தார். பக்கங்களுக்கு நடுவே, ஓரம் சுருண்டு காய்ந்துபோய், அந்த ஸ்ரிக்கர் இருந்தது.

"கார் விக்கேக்கை ஒரு துணி எடுத்துத் துடைக்காத மனுசன், இப்ப என்னத்துக்குச் சுடுதண்ணி கேக்கிறார் எண்டு யோசிச்சன்," என்றார் அன்ரி. "உரிச்சதை வாளிக்குள்ளை போட்டவர். நான்தான் வாளியை மேலை கொண்டுவந்தனான்."

"ஏன் நீ எனக்குச் சொல்லேல்லை?" என்று அங்கிள் கேட்டார்.

"உங்களுக்குச் சொன்னால் நீங்கள் அவருக்குச் சொல்லுவியள்."

மை கொஞ்சம் கரைந்திருந்தது. ஆனாலும் எண்ணை வாசிக்க முடிந்தது. கீழே அச்சில், பேர்ச்மவுண்ட் றோட்டில் இருக்கும் கடையின் பெயரும் விலாசமும் தெளிவாகவே இருந்தன. முறைப்பாட்டுத் தாளை எடுத்து மேசையில் விரித்துப் பேனாவை நீட்டினேன்.

அங்கிள் பேனாவை வாங்கினார். வாங்கிக்கொண்டு எழும்பினார்.

"ஒரு நிமிசம், பிள்ளை. ஸ்ரிக்கர் கிடைச்சிட்டுது எண்டு அந்தாளுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாறன். இல்லாட்டி சரியில்லை."

நான் மறிக்க முதலே அவர் போனை எடுத்துக் காதில் வைத்தார். ஹலோ ஹலோ என்றார். பொத்தான்களை அழுத்திப் பார்த்தார்.

"லைன் இல்லை."

சுவரோரம் றீற்றா அன்ரி நின்றார். போன் வயரின் நுனி அவர் கையில் இருந்தது.

"கையெழுத்தை வையுங்கோ. பிறகு வயரைப் பூட்டிவிடுறன்."

அங்கிள் வந்து இருந்து, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை முழுவதும் எழுதினார். தான்தான் ஏதோ களவு செய்துவிட்டவர் மாதிரி அவர் முகம் வாடிப்போயிருந்தது. பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

தாளையும் ஸ்ரிக்கரையும் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தும்போது, அங்கிள் குனிந்து அன்ரியின் கையிலிருந்த வயரை வாங்குவது தெரிந்தது. தியாகலிங்கத்துக்கு முந்தி நான் அந்தக் கடைக்குப் போக வேண்டும். லிஃப்ற் கீழே நின்றது. நான் அதற்குக் காத்திராமல் பதினொரு மாடியும் படியால் ஓடி இறங்கினேன்.