நிழல் துடைக்கிறவள்

அவள் பிழைப்பே நிழலைத் துடைப்பதுதான். துணிக்கடை விளம்பரப் படங்களில் வரும் பெண்களின் கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்து மடிப்பு, அக்குள் கருப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அழித்து அழித்தே முதுகு ஒடிந்துவிடும். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்து, டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதே கையால் படம் வரைந்து நிழல் போடக் கற்றுக்கொள்கிறாளாம். கை கேட்டால்தானே? போட்ட நிழலை ஏதோ அழுக்குப் பட்டதுபோலத் தன்னை அறியாமலே துடைத்துவிடும்.

ஆன்லைனில் ஓவியம் சொல்லித்தரும் டீச்சருக்கும் சலித்துவிட்டது. "நீ வரையற ஆளுங்க யாரும் நாற்காலில உக்காரலம்மா. ஒட்டி வெச்ச மாதிரி இருக்காங்க" என்றார். திங்கட்கிழமைக்குள் உட்கார்ந்திருக்கும் உருவம் ஒன்றை ஒழுங்காக வரைந்து அனுப்பினால், கார்ட்டூன் கம்பெனியில் அவளுக்காகப் பேசுவதாகவும் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் அக்குள் துடைக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கணவன் காலை ஷிஃப்டில் பஸ் ஓட்டிவிட்டு வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோர நாற்காலியில் தூங்கிப்போனான். வெயில் ஒரு பக்கமிருந்து மட்டும் விழுந்தது. இதைவிட வாட்டமாக ஆள் கிடைக்காது என்று உட்கார்ந்தாள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் வெளிச்சமும் இருட்டும் தனித்தனியாகத் தெரியும் என்பது டீச்சர் பாடம். அவள் மூட வேண்டியிருக்கவில்லை, அவளுக்கு வந்த தூக்கமே பாதி மூடிவிட்டிருந்தது.

தொங்கிய தாடை, தொடை அழுந்திய இடத்தில் நாற்காலியின் இருட்டு, கண்ணுக்குக் கீழே இரண்டு குழி என்று ஒவ்வொன்றாக வரைந்தாள். பழக்கதோஷத்தில் கை அழிக்கப் போனது. பிடித்து நிறுத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. எப்போது இப்படி ஆனான் என்று தெரியவில்லை.

எழுந்தவன் எட்டிப் பார்த்தான்.

"யாரு, எங்கப்பாவா?"

"நீங்கதான்."

டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். "கண்ணுக்குக் கீழ மட்டும் லேசா துடைச்சு விடேன். ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பண்றே, வீட்டு ஆளுக்குப் பண்ண மாட்டியா?"

அவன் கேட்டதற்காக ஒரு தடவை துடைத்தாள். வயது குறைந்தது. கூடவே தலை தட்டையாகிக் கழுத்தைவிட்டு மிதந்தது. திரும்பவும் பழையபடி வைத்தாள்.

"துடைச்சா நீங்க அங்க இல்லவே இல்லைங்க. நாளைக்கு இதை அனுப்பணும்."

"சரி, இப்படியே அனுப்பு. ஆனா நான் நல்லா தூங்கி எழுந்த அன்னைக்கு இன்னொண்ணு வரைஞ்சு தரணும்."

"தரேன். எந்தக் கிழமைன்னு சொல்லுங்க."

அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். அடுத்த வாரத்து ஷிஃப்டை மனசுக்குள் ஓட்டினான், அதற்கடுத்த வாரத்தையும்.

"முதல்ல நீ அதை அனுப்பு" என்றான்.